அங்கத் தட்டும் நடுகல்லும்

நெடுநாள் காணாதிருந்த நண்பரை எதிர்பாராது காணும்போது, “உங்களைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆயிற்றே!” என்று கூறுவது தமிழர் வழக்கம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இச்சொல் இன்னும் நாவிற் பழகியே இருக்கிறது. ஊருக்குப் போய்வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கும்போது, நம்மை அறியாமலே மாமாங்கக் கணக்கில் எண்ணுகிறோம். மாமாங்கம் என்பது 12 ஆண்டுகள் கொண்ட கால அளவு. மகாமகம் என்ற சொல்லே மாமாங்கம் என்று மருவிற்று என்பர். இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது கும்பகோணத்து மகாமகக் குளமும், அதன் படிகளில் நெருங்கி நின்று நீராடும் மக்கள் வெள்ளமுமே ஆகும்.

ஆயின், மாமாங்கம் என்ற பெயரில் மற்றொரு திருவிழாவும் முற்காலத்தில் நடந்துவந்தது. அதுவும் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடியதே. அதுவும் மக நாளைத் தழுவியதே. அதுவும் ஆற்றங்கரையில் நிகழ்ந்ததே. ஆனால் அங்கே ஆற்று மணலில் மனிதக் குருதியும் சிந்தியது. இரண்டு அரச குலங்களுக்கிடையே எழுந்த ஓர் உரிமை வழக்கு, பல தலைமுறைகளாக, 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வாளால் வாதிக்கப்பட்டது. அவ்விடம் கேரள நாட்டுத் திருநாவாய். அங்கே அந்தப் பழம்பகையின் சின்னங்களாகச் சில கற்கட்டுகள் இன்றும் நிற்கின்றன. பெரியோர் தம்முள் பகைத்தபோது வீழ்ந்த உயிர்களைப் பற்றி இத்தகைய சின்னங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். இருவர் எதிர்எதிர் நின்று, சான்றுக்கு ஆட்களை வைத்துக்கொண்டு, உயிரைப் பணயமாக வைத்துப் பொருவதை வடமொழிவழி ‘துவந்த யுத்தம்’ என்கிறோம். எளிய தமிழில் தனிப்போர் எனலாம். மலையாள நாட்டில் இதற்கு ‘அங்கம்’ என்று பெயர். போர் செய்வதற்கென்று எழுப்பிய மேடை ‘அங்கத் தட்டு’. ஐரோப்பியரின் தனிப்போரில், பகைத்துக்கொண்ட இருவரே களத்தில் நிற்பர். மலையாளத்து அங்கத்திலோ பகை ஒருவருடையது; களத்தில் நிற்கும் உடல் மற்றொருவருடையது. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டால், பின்னால் வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

இனி இடத்தைக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் நன்கு விலகி வழி விடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். தமிழகத்து மலைப்பகுதியில் தோன்றும் பாரதப்புழை இக்கணவாயின் வழியே மேற்கு நோக்கிப் பாய்ந்து, சுமார் 209 கிலோமீட்டர் ஓடி, பொன்னானியில் அரபிக்கடலில் கலக்கிறது. நிளா என்றும் பேராறு என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. சென்னையிலிருந்து மங்களூருக்கு இரயிலில் செல்வோர் பாலக்காடு, ஷொரணூர், பட்டாம்பி ஆகிய ஊர்களைக் கடந்தபின் இந்த ஆற்றின் அகன்ற மணற்பரப்பை நெடுந்தூரம் காணலாம். குற்றிப்புறத்துக்கு அடுத்த நிலையம் திருநாவாய். ஆற்றின் வடகரையில் நாவாமுகுந்தர் கோயில் உள்ளது. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருப்பதி அது. நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. ஆதலின், திருநாவாய் தமிழருக்கு அயலூர் அன்று. அரசியல் வகையிலும் அது நெடுநாள் நம்மோடு இணைந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமையும் வரையில், பாலக்காடு உள்ளிட்ட மலபார் மாவட்டம் முழுவதும் சென்னையோடு சேர்ந்தே இருந்தது.

இத்திருநாவாயில் தை, மாசி மாதங்களையொட்டி 28 நாட்கள் மாமாங்கம் நடைபெற்றது. அது வெறும் சடங்கு மட்டும் அன்று. பெரும் சந்தையும் ஆகும். ஆற்றின் வழியே உள்நாட்டுச் சரக்கும், கடல் வழியே வெளிநாட்டுச் சரக்கும் வந்து குவிந்தன. வணிகரும் புலவரும் கூத்தரும் மல்லரும் திரண்டனர். அத்தகைய பெருங்கூட்டத்தின் நடுவே, உயர்ந்த மேடையொன்றில் வாளேந்தி நின்று, “இவ்விழாவிற்குக் காவலன் யானே” என்று உலகறியக் காட்டுவது அரசனுக்குரிய தனிச்சிறப்பு. யார் அந்த மேடையில் நிற்கிறாரோ அவரே நாட்டின் முதல்வர். எனவே மேடையின் உரிமை என்பது உண்மையில் ஆட்சித் தலைமையின் உரிமையே ஆகும்.

அந்த உரிமை முதலில் சேரமான் பெருமாள்களிடம் இருந்தது என்றும், அவர்கள் காலத்துக்குப்பின் வள்ளுவநாட்டு அரசரிடம் வந்தது என்றும் மரபு கூறுகிறது. வள்ளுவநாட்டு அரசருக்கு வள்ளுவக்கோனாதிரி என்பது பட்டப்பெயர். இன்றைய பாலக்காடு மாவட்டத்தில் உள்ள ஒற்றப்பாலம், செர்ப்புளச்சேரி, மண்ணார்க்காடு முதலிய பகுதிகளும், மலப்புறம் மாவட்டத்துப் பெரிந்தல்மண்ணை, அங்காடிப்புறம் முதலிய பகுதிகளும் பழைய வள்ளுவநாட்டைச் சேர்ந்தவை. கடற்கரையில் கோழிக்கோட்டைத் தலைநகராகக் கொண்டு, வாணிபத்தால் செல்வமும் படையும் பெருக்கிக்கொண்ட சாமூதிரி மன்னர், திருநாவாயைக் கைப்பற்றி, மாமாங்க மேடையில் தாமே ஏறி நின்றார். வள்ளுவக்கோனாதிரி அதனை ஏற்கவில்லை. படைவலியால் சாமூதிரியை எதிர்த்து மீட்கவும் அவரால் இயலவில்லை. உரிமையை விட்டுக் கொடுக்கவும் மனமில்லை, மீட்கவும் வலிமையில்லை. இந்த இரண்டு இல்லாமைகளுக்கு நடுவே தோன்றியதே சாவேர் முறை.

சாவேர் என்பவர் சாவை முன்னரே ஏற்றுக்கொண்டு களம் புகும் வீரர். மாமாங்கந்தோறும் வள்ளுவநாட்டிலிருந்து சிறு கூட்டமாக இவர்கள் புறப்படுவர். புதுமனை, சந்திரோத்து முதலிய பணிக்கர் குடும்பங்களின் தலைமையில் இவர்கள் சென்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. அங்காடிப்புறத்துத் திருமாந்தாங்குன்றுப் பகவதியே வள்ளுவநாட்டு அரசரின் குலதெய்வம். அக்கோயிலின் முன்னுள்ள கல்மேடையிலிருந்து விடைபெற்றுக்கொண்டு சாவேர்கள் திருநாவாய்க்கு நடப்பர். அந்த மேடை இன்றும் சாவேர்த்தறை என்று வழங்குகிறது. பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு வழியாகக் கோழிக்கோடு செல்லும் நெடுஞ்சாலை அங்காடிப்புறத்தின் ஊடேதான் செல்கிறது. அன்றாடம் எத்தனையோ தமிழ்நாட்டு லாரிகள் அவ்வழியே போய் வருகின்றன. திரும்பி வரமாட்டோம் என்று அறிந்தே கால் எடுத்து வைத்தவர்களின் முதற்படி அச்சாலைக்கு அண்மையில் இருக்கிறது என்பதை ஓட்டுநர்களுள் எத்தனை பேர் அறிவர்?

திருநாவாயில் சாமூதிரி நின்ற மேடையைச் சுற்றி ஈட்டியும் வாளும் ஏந்திய காவலர் அணிவகுத்து நிற்பர். அவ்வணியைப் பிளந்துகொண்டு மேடையை எட்டி, சாமூதிரியை வெட்டி வீழ்த்துவதே சாவேர்களின் நோக்கம். சிலர் பலரை எதிர்த்தமையால் முடிவு எப்போதும் ஒன்றாகவே இருந்தது.

1695-ஆம் ஆண்டு மாமாங்கத்தைப் பற்றி ஒரு குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அலெக்சாந்தர் ஹாமில்டன் என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் அவ்வமயம் மலபார்க் கடற்கரையில் இருந்தார். இரண்டு மூன்று நாட்கள் இரவும் பகலும் இடைவிடாது துப்பாக்கி வெடித்த ஓசையைத் தாம் கேட்டதாக எழுதியிருக்கிறார். அவ்வாண்டு மூவரே துணிந்து முன்வந்தனர். வாளும் கேடயமுமாகக் காவலர் நடுவே பாய்ந்து, பலரைக் கொன்றும் காயப்படுத்தியும், இறுதியில் தாமும் மாண்டனர். அம்மூவருள் ஒருவருக்கு 15, 16 வயதுள்ள மருமகன் ஒருவன் உடன் வந்திருந்தான். மாமன் வீழ்ந்ததைக் கண்ட அச்சிறுவன், காவலரிடையே நுழைந்து கூடாரத்துள் புகுந்து, மன்னரின் தலையை நோக்கி வாளை வீசினான். தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பெரிய பித்தளை விளக்கு வாளைத் தடுத்துவிட்டது. அடுத்த வீச்சுக்கு முன் காவலர் அவனைக் கொன்றனர். ஹாமில்டனின் நூல் 1727-இல் வெளிவந்தது. அதில் சிறுவனின் வயது உண்டு. விளக்கின் உலோகம் உண்டு. சிறுவனின் பெயர் இல்லை.

பிற்காலத்தில் மலபார்க் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட மலபார் விளக்க நூலில் மாமாங்கத்தை விரிவாக எழுதினார். அதன்பின் ஆங்கில அறிஞர் பிரேசர், ஒவ்வொரு 12 ஆண்டு முடிவிலும் அரசனைப் பலியிடும் தொல்வழக்கத்தின் எச்சமே மாமாங்கம் என்று கருதி, அதைத் தம் பெருநூலில் எடுத்துக்காட்டினார். இக்கருத்து உலகெங்கும் பரவியது. ஆயினும் வரலாற்றறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. பலிச் சடங்கைவிட ஆட்சியுரிமைப் பூசலே இங்குத் தெளிவாகக் காணப்படுகிறது. நாம் இதனை இரண்டு அரசியல் தலைவர்களின் வழக்காகக் கொள்வதே பொருத்தம்.

திருநாவாயில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் குறிப்பிடத்தக்கவை மூன்று. ஒன்று, நிலபாடுதறை, அரசர் நிலைகொண்டு நின்ற மேடை என்பது பொருள். கொடக்கல் என்னுமிடத்தில், 19-ஆம் நூற்றாண்டில் பேசல் மிஷன் நிறுவிய ஓட்டுத் தொழிற்சாலையின் வளாகத்துள் இது அமைந்திருக்கிறது. இரண்டாவது, மணிக்கிணறு, மாண்ட சாவேர்களின் உடல்களை யானைகளைக் கொண்டு இக்கிணற்றில் தள்ளி மூடினர் என்பது செவிவழிச் செய்தி. மூன்றாவது, காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சங்கம்பள்ளி களரி. இவற்றைக் கேரள அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக ஏற்றிருக்கிறது.

இப்பெயர்களைச் சற்று ஊன்றி நோக்குவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்று பார்ப்பது இயல்பு. ‘நிலபாடு’ என்பது நின்றவரைச் சுட்டுகிறது. நின்றவர் அரசர். வீழ்ந்தவருக்குக் கிடைத்ததோ ஒரு கிணறு. அதிலும் அவர்தம் பெயர் இல்லை. குடும்பங்களின் பெயர் மட்டும் பாட்டிலும் பேச்சிலும் நிலைத்தது. தனி மனிதன் மறைந்தான்.

அரசர்களுக்குச் சாவேர் எவ்வாறோ, சிறு தலைவர்களுக்குச் சேகவர் அவ்வாறு. வட மலபாரின் வடக்கன் பாட்டுகள் என்னும் கதைப்பாடல்கள் இதனை விரித்துரைக்கின்றன. ஒரு பிரபுக் குடும்பத்தில் உண்ணிக்கோனார், உண்ணிச்சந்திரோர் என்னும் இருவரிடையே மூப்புரிமை பற்றி வழக்கு எழுந்தது. பஞ்சாயத்தால் தீராமையின் அங்கத்தால் தீர்ப்பதென்று முடிவாயிற்று. ஒருவர் ஆரோமல் சேகவரையும், மற்றவர் அரிங்ஙோடரையும் தமக்காகப் பொரும்படி அமர்த்தினர். இப்பணிக்குச் சேகவருக்குத் தரும் பொற்கிழிக்கு ‘அங்கக்கிழி’ என்று பெயர். ஆரோமலுக்குத் துணையாகச் சென்ற சந்து பகைவரின் கைக்கூலிக்கு மயங்கி, வாளின் இரும்பு ஆணிகளுக்குப் பதிலாக மர ஆணிகளை அடிக்கச் செய்தான் என்றும், அதனால் போர் நடுவே வாள் முறிந்தது என்றும், முறிந்த துண்டையே வீசி ஆரோமல் அரிங்ஙோடரைக் கொன்றார் என்றும், களைத்துச் சாய்ந்திருந்த ஆரோமலைச் சந்து வஞ்சகமாகக் குத்தினான் என்றும் கதை செல்கிறது. இது பாட்டு, இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்று அளந்து கூறுதல் எளிதன்று. ஆனால் பாட்டு ஒரு நீதியைச் செய்திருக்கிறது. வழக்காடிய உண்ணிக்கோனாரையும் உண்ணிச்சந்திரோரையும் இன்று நினைப்பவர் சிலரே. ஆரோமலின் பெயரையோ கேரளத்தில் சிறுவரும் அறிவர். திருநாவாயின் கல் செய்யாததைப் பாணர் நா செய்தது.

மாமாங்கம் எவ்வாறு முடிவுற்றது? அந்த முடிவுக்கும் பாலக்காட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சாமூதிரி பாலக்காட்டின்மேல் படையெடுத்தார். பாலக்காட்டு அரசர் 1757-இல் அப்போது திண்டுக்கல்லில் மைசூரின் படைத்தலைவராக இருந்த ஐதர் அலியிடம் உதவி வேண்டினார். கணவாயின் வழியே மைசூர்ப் படை வந்தது. சாமூதிரி பின்வாங்கி, போர்ச் செலவாக 12 இலட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார், ஆனால் தரவில்லை. 1766-இல் ஐதர் அலி தாமே பெரும்படையுடன் மலபாரினுள் புகுந்தார். கோழிக்கோட்டில் சிறைப்பட்டதுபோல் இருந்த சாமூதிரி, தம் மாளிகைக்குத் தாமே தீ வைத்து அதில் மாண்டார். அதன்பின் மேடையில் ஏறி நிற்க அரசர் இல்லை, மாமாங்கமும் நின்றது. எந்த மேடைக்காகத் தலைமுறை தலைமுறையாக வள்ளுவநாட்டு இளைஞர் மாண்டனரோ, அந்த மேடையை இறுதியில் வள்ளுவநாடும் பெறவில்லை, சாமூதிரியும் வைத்துக்கொள்ளவில்லை.

திருநாவாய்ச் செய்தியை எழுதிவைத்த கப்பல் தலைவரின் பெயர் அலெக்சாந்தர் ஹாமில்டன் என்று கண்டோம். அதே பெயர் கொண்ட மற்றொருவர் அமெரிக்காவில் தனிப்போரிலேயே உயிர் நீத்தார் என்பது வியப்புக்குரிய பெயரொற்றுமை. அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் நிதியமைச்சர். அவரோடு பகைத்தவர் ஆரன் பர், அப்போது அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர். நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் 1804-இல் பர் தோல்வியுற்றார். தம்மைப் பற்றி ஹாமில்டன் இழிவாகப் பேசினார் என்று செய்தித்தாளில் வந்த கடிதம் ஒன்று பகையை முற்றச் செய்தது. அவ்வாண்டு ஜூலை 11-ஆம் நாள் காலையில், நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், ஹட்சன் ஆற்றோரத்து வீஹாக்கன் என்னுமிடத்தில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் சந்தித்தனர். குண்டுபட்ட ஹாமில்டன் மறுநாள் இறந்தார். பர் உயிரோடு மீண்டார். எனினும் அவருடைய அரசியல் வாழ்வு அத்தோடு அழிந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1801-இல், ஹாமில்டனின் மூத்த மகனும் தனிப்போரிலேயே மாண்டிருந்தான் என்பது இத்துயரை இன்னும் மிகுவிக்கிறது.

வீஹாக்கனில் 1806-ஆம் ஆண்டு ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். அதைக் காண வந்தவர்கள் நினைவுப் பொருளாக ஆளுக்கொரு சில்லு உடைத்து எடுத்துச் சென்றமையால், சில ஆண்டுகளில் அத்தூண் சிதைந்து போயிற்று. பிறகு இருப்புப்பாதை போடுவதற்காக அந்த ஆற்றோரத் திட்டே வெட்டப்பட்டது. அடிபட்ட ஹாமில்டன் தலை சாய்த்தார் என்று சொல்லப்படும் பாறை மட்டும் குன்றின் மேலே கொண்டுபோய் வைக்கப்பட்டது. இன்று அங்கே ஹாமில்டனின் மார்பளவுச் சிலையும் நினைவுப் பலகைகளும் இருக்கின்றன. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பகைத்தவர் தாமே களத்தில் நின்றார். மாண்டவர் தாமே கல்லில் இடம்பெற்றார். வழக்கும் உயிரும் கல்லும் ஒருவருடையனவே.

இப்பழக்கத்தை ஆங்கிலேயர் நம் நாட்டுக்கும் கொண்டுவந்தனர். கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் தேசிய நூலகம் அமைந்துள்ள பெல்வெடீர் மாளிகையை அறிவர். அதன் அருகே அலிப்பூரில் 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்சும் அவருடைய ஆலோசனைச் சபை உறுப்பினர் பிலிப் பிரான்சிசும் துப்பாக்கியால் பொருதனர். பிரான்சிஸ் காயமுற்றுப் பிழைத்தார். சென்னையில் 1784-இல் ஆளுநர் மெக்கார்ட்னி பிரபுவும் சபை உறுப்பினர் சாட்லியரும் இவ்வாறே பொருதனர், ஆளுநர் காயமுற்றார். சபையில் சொல்லால் தீர்க்க வேண்டிய கருத்து வேற்றுமையைச் சபைக்கு வெளியே குண்டால் தீர்க்க முயன்ற அக்காலம் மலையேறிவிட்டது நம் நற்பேறே.

மீண்டும் நம் மலை எல்லைக்கு வருவோம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தெற்கே சென்று, சின்னாற்றைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து மறையூரை அடையலாம். மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டக்குடி ஆகிய அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழ் பேசும் குடிகள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அங்கே பாறைகளின்மேல், பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த சிறு அறைகள் பல உள்ளன. மக்கள் இவற்றை முனியறை என்பர். முனிவர் தங்கிய இடம் என்பது நம்பிக்கை. இவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்று தொல்லியலார் கூறுவர். யாரோ ஒருவரை மறவாதிருக்க வேண்டும் என்று எண்ணி, அத்துணைப் பெரிய கல்லைத் தூக்கி வைத்தனர் முன்னோர். அந்த ‘யாரோ’ யார் என்று சொல்லக் கல்லில் எழுத்து இல்லை.

எழுத்து வந்தபின் என்ன நேர்ந்தது என்பதை, இடுக்கி மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் காணலாம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்றோர் ஊர் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-இல் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவை, நாட்டின் மிகப் பழைய எழுத்துடை நடுகற்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்று அறிவிக்கிறது. சில சொற்களே, ஆயினும் யார், எங்கே, எதில் என்னும் மூன்றும் அடங்கிவிட்டன. எந்தத் தலைவனின் ஏவலால் பூசல் நிகழ்ந்தது என்பதைக் கல் கூறவில்லை. மாண்டவனே அதற்கு முதன்மை.

கல்லைத் தேர்ந்தெடுத்தல், அதைக் கொண்டுவருதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என்று இவ்வழக்கத்தைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. வழிவழியாக இவ்வழக்கம் தொடர்ந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதி. அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உள்ளது. ஆநிரை காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் மாண்டான். அவனோடிருந்த கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. கல்லில் வீரனின் உருவமும் உண்டு. நாயின் உருவமும் உண்டு. நாயின் பெயரும் உண்டு. பேரரசன் மகேந்திரவர்மனின் பெயர் அக்கல்லில் எதற்கு வருகிறது? ஆண்டைக் குறிப்பதற்காகவே வருகிறது!

இப்போது மூன்றையும் ஒருசேர வைத்து நோக்குவோம். வீஹாக்கனில் வழக்குடையவரே மாண்டார், அவருக்கே சின்னம். திருநாவாயில் வழக்குடையவர் வேறு, மாண்டவர் வேறு. சின்னமோ வழக்குடையவர் நின்ற இடத்துக்கே பெயரளவில் உரியதாயிற்று. புலிமான்கோம்பையிலும் எடுத்தனூரிலும் சின்னம் மாண்டவனுக்கே உரியது. அரசன் காலக்கணக்குக்கு மட்டும் பயன்பட்டான். அரசர் உயர்ந்தவர், வீரர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் எக்காலத்தும் இருந்ததே. ஆயினும், ஊர்மக்கள் தம் கையால் நட்ட கல்லில், தம்மோடு வாழ்ந்து தமக்காக மாண்டவனையே எழுதினர். அரண்மனை கட்டிய மேடையில் அரண்மனையே எழுந்து நின்றது. சின்னத்தை எழுப்புவது யார் என்பதைப் பொறுத்தே அதில் நிலைக்கும் பெயரும் அமைகிறது என்பது இதனால் பெறப்படும்.

இது பழங்கதை மட்டும் அன்று. நம் காலத்திலும் சாலையோரங்களில் நினைவுப் பலகைகள் எழுகின்றன. ஒரு பலகையின் முன் நிற்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வழக்கு யாருடையது? உயிர் யாருடையது? பெயர் யாருடையது? மூன்றுக்கும் விடை ஒன்றாக இல்லாவிடில், விடுபட்ட பெயரைத் தேடுதல் நம் கடமை. திருநாவாயைக் காண்போர் நிலபாடுதறையோடு திரும்பிவிடாமல், மணிக்கிணற்றின் அருகிலும் சற்று நிற்பது அதனால்தான் நன்று.

கற்களைக் காத்தலும் அக்கடமையின் ஒரு பகுதியே. சாலையை அகலப்படுத்தும்போதும், வீட்டுக்கு அடிக்கல் இடும்போதும், வயலைச் சமன் செய்யும்போதும் நடுகற்கள் பெயர்க்கப்படுவது உண்டு. துணி துவைக்கும் கல்லாகவும், வாய்க்காலின் மேல் பாலமாகவும் அவை பயன்படுவதும் உண்டு. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், மாநிலச் சட்டங்களும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கின்றன. அறிவிக்கப்படாத கற்களை ஊராரின் அறிவே காக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ஏரிக்கரையிலோ எல்லைக் கோயிலின் பக்கத்திலோ உருவம் செதுக்கிய கல்லைக் கண்டால், அதை இடம் பெயர்க்காமலும், சுண்ணாம்பும் வண்ணமும் பூசாமலும், படம் எடுத்து வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். ஊரில் வாழ்வோர் நாள்தோறும் கண்டு பழகியமையால் கவனியாத ஒன்று, நெடுநாள் கழித்து வருவோரின் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றுவது உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அவ்வொரு நன்மை வாய்த்திருக்கிறது. நாம் குடியேறிய மாநிலத்தின் கற்களையும் அவ்வாறே மதித்தல் வேண்டும். அந்த ஊர் மொழியில் எழுதியிருப்பதை அண்டைவீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் நமக்கு இழிவில்லை. அவர்க்கோ மகிழ்ச்சி உண்டு.

திருநாவாய் ஆற்றங்கரை பிற்காலத்தில் மற்றொரு நிகழ்ச்சிக்கும் சான்றாயிற்று. 1948-ஆம் ஆண்டு காந்தியடிகளின் சாம்பலின் ஒரு பகுதி அங்கே நிளா நதியில் கரைக்கப்பட்டது. அதன் நினைவாகச் சர்வோதய மேளா அக்கரையில் கூடியது. ஒருவரையும் வெட்டாமல் ஒரு பேரரசோடு வழக்காடியவர் அவர். தம் வழக்குக்குப் பிறர் உடலை அனுப்பாமல், உண்ணா நோன்பில் தம் உடலையே வைத்தவர். சாவேர்களின் குருதி கலந்த அதே ஆற்றில் அவருடைய சாம்பலும் கலந்தது. மணிக்கிணற்றில் பெயரின்றி உறங்குவோர்க்கு அதனினும் சிறந்த நடுகல் வேறு யார் நட்டிருக்க முடியும்?